அரும்பு அணியில் ஒரு பதின்மூன்று வயதுப் பையன்

துணிக்கடை பலராமன் அமெரிக்காவில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, அவர் பின்னாலேயே கப்பலில் ஒரு மரப்பெட்டியும் வந்து சேர்ந்தது. வியாபாரிகளைக் கூட்டாக அழைத்துப் போன பயணம் அது. மற்றவர்கள் கைக்கடிகாரமும் பேனாவும் வாங்கி வந்தார்கள். பலராமன் பேஸ்பால் வாங்கி வந்தார். பெட்டிக்குள் வழவழப்பான உருட்டுக்கட்டைகள் இருந்தன. கல்லைப் போலக் கனத்த வெள்ளைப் பந்துகளும், குளவி கொட்டி வீங்கிய கைகளைப் போன்ற தோல் உறைகளும் இருந்தன.

அவர் மனைவி சுலோசனா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இத எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அதற்கு மேல் கேட்காததற்குக் காரணம் இருந்தது. கணவருக்கு வருகிற ஆர்வங்கள் காய்ச்சல் மாதிரி, வந்தால் ஏறும், பிறகு தானாக இறங்கும் என்று அவள் கண்டு வைத்திருந்தாள். புதுவையில் பிரெஞ்சுக்காரன் இருந்தவரை தலையில் தொப்பி இல்லாமல் அவர் வீதியில் இறங்கியதில்லை. வீட்டு நாயிடம்கூட பிரெஞ்சில்தான் பேசுவார். ஐம்பத்து நாலில் கொடி மாறிய மறுநாள் தொப்பி பரண் மேல் போனது, கதர் ஜிப்பா கீழே வந்தது. நாய்க்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் தமிழில் "உக்காரு" என்று அதட்டும்போதெல்லாம் அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. "இந்த வீட்லயே நேர்மையான பிறவி அதுதான்" என்று சுலோசனா ஒருமுறை மகனிடம் சொன்னாள்.

அடுத்த வருஷம் தேர்தல் வரும் என்று ஊரில் பேச்சு. பலராமனுக்குக் கட்சியில் சீட் வேண்டும். பிள்ளைகளைக் கையில் வைத்திருப்பவன் பெற்றவர்களைக் கையில் வைத்திருக்கிறான் என்று அமெரிக்காவில் யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். வந்த மாதமே 'புதுவைச் சிறுவர் பேஸ்பால் சங்கம்' பிறந்தது. அவரே தலைவர். கமிட்டியில் எட்டுப் பேர். அதில் ஒருவருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. எட்டுப் பேரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தெரிந்தவர்கள்.

வயதுவாரியாக மூன்று அணிகள் என்று பலராமன் அறிவித்தார். பத்து வயது வரை அரும்பு, பதின்மூன்றுக்குள் மொட்டு, அதற்கு மேல் மலர். பெயர்களை அவரே யோசித்துப் பிடித்தார். கமிட்டி கை தட்டியது.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. ஊரில் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்திருந்த ஒரே ஆள் சொல்தா நாராயணசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். உலகப் போர் முடிந்த சமயம் பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆடியதைப் பார்த்திருக்கிறார். வாயில் சுருட்டு அணையாத மனுஷர். பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை கமிட்டிக்குப் பிடிக்கவில்லை.

"வயச எப்புடிக் கண்டுபுடிப்பீங்க?"

"பார்த்தா தெரியாதா?" என்றார் பலராமன்.

"தெரியாது. மேரியில போயி கேட்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறந்த தேதி எடுத்துக் குடுப்பான். நம்ம ஊர்ல அதுக்குக் கொறச்சல் இல்ல, மெஸ்யே."

நகர மண்டபத்தை அந்த ஊர் மேரி என்றுதான் சொல்லும். ஆனால் பலராமன் முகம் சுளித்தார். "வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன பழக்கத்த நாம எதுக்குக் கட்டிக்கினு அழணும்? எல்லாத்துக்கும் எளிமையா ஒரு வழி இருக்குது. உயரத்த அளந்துட்டா முடிஞ்சிது."

முந்தின நாள் சாயங்காலம் அவர் மகன் விஜயரங்கத்தைக் கதவோடு சேர்த்து நிற்க வைத்து, கடையில் துணி அளக்கிற மீட்டர் கோலால் அளந்ததை சுலோசனா பார்த்திருந்தாள். மகனுக்குச் சட்டை தைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவன் தலைக்கு ஒரு விரற்கடை மேலே கோடு கிழித்து, அதே உயரத்தை ஒரு மூங்கிலில் குறித்துக்கொண்டார். அந்த மூங்கில்தான் மறுநாள் நகரத்தை ஒட்டிய சாரத்து மைதானத்தில் நட்டுவைக்கப்பட்டது. கோட்டுக்குக் கீழே நிற்பவன் அரும்பு.

விஜயரங்கத்துக்கு வயது பதின்மூன்று. அப்பா வழியில் குள்ளம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர்கரையிலிருந்தும் சாரத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து மீனவப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் பிஸ்கட் உண்டு என்று தண்டோரா போட்டிருந்தது. ஒவ்வொருவராக மூங்கிலடியில் நின்றார்கள். பலராமன் தன் கடையில் துணி கிழிக்கிற வேகத்தில் "அரும்பு, மொட்டு, மலர்" என்று தரம் பிரித்தார். சுலோசனா வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சியின் மகன் அமாவாசை என்ற பையனுக்கு ஒன்பது வயது. கடலோரத்துக் காற்றில் தென்னங்கன்று மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். மொட்டுக்கு என்று மேலே போட்டிருந்த இரண்டாவது கோட்டையும் தாண்டி நின்றான்.

"மலர்" என்றார் பலராமன்.

"இவனுக்கு ஒம்போதுதாங்க" என்றது கூட வந்த பிள்ளைகளில் ஒன்று.

"மூங்கில் பொய் சொல்லாது" என்றார் அவர். கமிட்டியில் இரண்டு பேர் இந்த வாசகத்தை ரசித்துத் தலையாட்டினார்கள்.

அன்றைக்கு மத்தியானம் விஜயரங்கம் சாப்பிடவில்லை. சுலோசனா சோற்றைப் பிசைந்து எதிரில் வைத்துக்கொண்டு கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எல்லாம் குட்டிப் பசங்கம்மா. ஒருத்தன் மூக்க ஒழுக விட்டுக்கினு எங்கிட்ட வந்து 'நீ எத்தினாவது?'ன்னு கேக்குறான். நான் எட்டாவதுன்னு சொன்னா நம்ப மாட்றான்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அரும்புல நான்தான் காப்டனாம். கப்பு நமக்குத்தான் வரும், பேசாம இருன்னாரு."

அந்தக் கப்பு அதற்குள் வாங்கியாகிவிட்டது. கூடத்து அலமாரியில், மேலே துணி போர்த்தி வைத்திருந்தார். ஆட்டமே தொடங்காத போட்டிக்கு வெற்றி முதலில் வீட்டுக்கு வந்துவிட்டது.

நாராயணசாமி தன்னால் முடிந்ததைச் செய்தார். நாலு மூட்டைகளில் மணலைக் கட்டி மைதானத்தின் நாலு மூலையிலும் போட்டார். கட்டையால் அடித்துவிட்டு மூட்டைக்கு மூட்டை ஓட வேண்டும், பந்து முந்திக்கொண்டு மூட்டைக்கு வந்துவிட்டால் அவுட் என்று சொன்னதும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. கிட்டிப்புள் ஆடிப் பழகிய கைகள்தானே. ஆட்டத்துக்கு மூட்டைப்பந்து என்று அவர்களே பேர் வைத்தார்கள். தலைவர் வைத்த அரும்பும் மொட்டும் கமிட்டிக்கு வெளியே யார் வாயிலும் ஏறவில்லை. நாராயணசாமி ஓடச் சொல்லி பிரெஞ்சில் "அலே, அலே" என்று கத்த, பிள்ளைகளும் ஓடும்போது "அலே" என்று கத்தினார்கள். பலராமன் வாரம் ஒருமுறை போட்டோக்காரரோடு வந்து, ஒரு தோல் உறையை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அதை ஒவ்வொரு தடவையும் தவறான கையில் மாட்டினார்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, சுலோசனா வீட்டுக் கொல்லை வாசலில் அஞ்சலாட்சி மீன் கூடையை இறக்கினாள். வழக்கமாக வந்ததும் வராததுமாக விலை பேசுகிறவள் அன்று கூடையைத் திறக்காமல் நின்றாள்.

"என்னா அஞ்சலாட்சி, வஞ்சிரம் இல்லியா?"

"இருக்குதும்மா." கொஞ்சம் பொறுத்து, "எம் பையனுக்கு ரெண்டு பல்லு போச்சி" என்றாள்.

"எப்புடி?"

"பந்து. ஐயா அவன மீச மொளச்ச பசங்களோட சேத்து உட்டுட்டாங்கில்ல? ஒரு தடியன் வீசிட்டான். இவன் புடிக்கறேன்னு மூஞ்சியக் காட்டிட்டான். பால்பல்லா இருந்தா போவுதுன்னு உட்டுடலாம். விழுந்து மொளச்ச பல்லும்மா. இனிமே எங்கேருந்து வரும்?"

சுலோசனா கையிலிருந்த மீன் சட்டியைக் கீழே வைத்தாள். "ஐயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா. பக்கத்துலதான நின்னாங்க. ஒரு பொட்டலம் பிஸ்கோத்து குடுத்தாங்க." அஞ்சலாட்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சுலோசனா கூடையைப் பார்த்தாள். "பல்லு போனவனுக்கு பிஸ்கோத்து. நல்ல மனசு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவரிடம் கேட்டாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வெளையாட்டுன்னா அடிபடும். அமெரிக்காவுல இதையெல்லாம் ஒரு விஷயமாவே எடுத்துக்க மாட்டாங்க" என்றார்.

"அமெரிக்காவுல ஒம்போது வயசுப் பையன பதினாறு வயசுக்காரனோட உடுவாங்களா?"

"மூங்கில்ல அளந்துதான் போட்டிருக்குது."

"நம்ம பையன அளந்து மூங்கில்ல கோடு போட்டீங்க. அத நான் பாத்தேன்."

பலராமன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சென்னையிலேருந்து பெரிய அதிகாரி வர்றாரு. அவரு கையால நம்ம பையன் கப்பு வாங்கப் போறான். நாலு பேப்பர்ல வரும். அத நெனச்சி சந்தோஷப்படாம மீன்காரி பேச்சக் கேட்டுக்கினு வந்து நிக்கிற. அன்னிக்கி நீயும் மேடைக்கு வரணும். யாராவது கேட்டா பையனுக்கு பத்துன்னு சொல்லு. கேக்க மாட்டாங்க. கேட்டா."

சுலோசனா மோரை வைத்துவிட்டு எழுந்து போனாள். கோபத்தைவிட அவளுக்கு அருவருப்புதான் இருந்தது. இந்த ஆள் ஏமாற்றுகிறார் என்பது அவளுக்குப் புதிதில்லை. துணிக்கடை வைத்திருக்கிறவர், மீட்டரில் விரற்கடை குறைப்பார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளை ஏமாற்றி ஜெயிக்கவும் ஒருவருக்கு ஆசை வரும் என்று அவள் நினைத்ததில்லை.

விழா நாளன்று சாரத்து மைதானத்தில் பந்தல் போட்டு, கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மேடையில் கமிட்டி. கீழே நாற்காலிகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள். மீனவப் பெண்களும் சாரத்துக் குடியானவர்களும் கயிற்றுக்கு அப்பால் வெயிலில் நின்றார்கள். சென்னையிலிருந்து வந்த அதிகாரி பஞ்சகச்சம் போல இறுகக் கட்டிய வேட்டியும் கோட்டுமாக இருந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டு தடவை கண் அயர்ந்தார்.

அரும்புப் பிள்ளைகளையே இரண்டு பக்கமாகப் பிரித்து ஆடவிட்ட ஆட்டம்தான் முதலில். அதை ஆட்டம் என்று சொல்ல நாராயணசாமிக்கே வாய் வரவில்லை. விஜயரங்கம் கட்டையைத் தூக்கி ஒரு வீசு வீசினால் பந்து கயிற்றைத் தாண்டிப் போனது. பொடிப்பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு பந்தலுக்கு அடியில் தவழ்ந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மூட்டைக்கு மூட்டை நடந்தே போனான். ஓடவில்லை. மேடையில் பலராமன் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று கை தட்டினார். கமிட்டியும் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

கப்பு கொடுக்கிற நேரம். விஜயரங்கம் மேடை ஏறினான். சுலோசனா மாலைத் தட்டோடு பக்கத்தில் நின்றாள். அதிகாரி ஒலிபெருக்கியின் முன் நின்று, தூக்கம் கலைந்த உற்சாகத்தில், "இவ்வளவு சின்ன வயசுல இவ்வளவு திறமை. உங்க பையனா அம்மா? என்ன வயசாகுது?" என்று கேட்டார்.

மைதானம் முழுக்க அது கேட்டது. பலராமன் மனைவியைப் பார்த்தார்.

"பதிமூணு முடிஞ்சி போச்சிங்க" என்றாள் சுலோசனா. அதுவும் மைதானம் முழுக்கக் கேட்டது.

அதிகாரி சரியாகக் காதில் விழாதது போல் குனிந்தார். சுலோசனா இன்னும் தெளிவாகச் சொன்னாள். "ஐரோப்பாவுல சண்ட முடிஞ்ச வாரம் பொறந்தான். பிரான்சு ஜெயிச்ச நேரத்துல பொறந்தான்னு இவங்கதான் விஜயரங்கம்னு பேரு வச்சாங்க. வண்டியில கொடி கட்டிக்கினு வீதி வீதியா மிட்டாயி குடுத்தாங்க. இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேரு அத வாங்கித் தின்னவங்க. எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். கயிற்றுக்கு அப்பால் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. பலராமன் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆனால் அதிகாரி இப்படி எத்தனையோ மேடைகளில் ஏறி இறங்கியவர். ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "தாய்க்குத் தன் பிள்ளை எப்பவும் பெரியவன்தான். பார்த்தா பத்துக்கு மேல சொல்ல முடியாது" என்றார். கமிட்டிக்கு மூச்சு வந்தது. எட்டுப் பேரும் கை தட்டினார்கள். கப்பு விஜயரங்கத்தின் கைகளில் திணிக்கப்பட்டது. போட்டோக்காரர் வெளிச்சம் அடித்தார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. சுலோசனா நின்ற பக்கத்தை வெட்டியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது ரிக்‌ஷாவில் விஜயரங்கம் கப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி வழியில், "நீ சொன்னது நல்லதாப் போச்சிம்மா" என்றான். "இது எனக்கு வேணாம்."

பலராமன் அவளோடு பேசுவதை நிறுத்தினார். அதனால் வீட்டில் பெரிய நஷ்டம் ஏதும் ஏற்பட்டதாக சுலோசனாவுக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் கப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு, குதிரைவண்டி பிடித்துப் பிள்ளைச்சாவடிக்குப் போனாள். போகும் வழியெல்லாம் தான் செய்வது நல்ல காரியம் என்ற நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது.

அஞ்சலாட்சி குடிசை வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். துணியைப் பிரித்துக் கப்பை நீட்டியதும் அவள் அதைத் தொடவில்லை.

"இத வச்சிக்கினு நான் என்னா பண்ணட்டும்? தண்ணி மொள்ளவா?"

கொல்லை வாசலில் அஞ்சலாட்சி குனிந்து பேசுவாள். இங்கே அவள் வாசல். நிமிர்ந்து நின்று பேசினாள்.

"உம் பையனுக்கு வந்திருக்க வேண்டியது" என்றாள் சுலோசனா.

"எம் பையன் அந்த ஆட்டத்துலயே இல்லியே. அவனுக்கு எப்புடி வரும்? அன்னிக்கி நீ மேடையில உண்மயச் சொன்னன்னு ஊரே மெச்சிக்குது. சொன்னதுக்கு அப்புறம் என்னா ஆச்சி? கப்ப வாங்கிக்கினு வூட்டுக்குத்தான போன? இன்னிக்கி அதையே எடுத்தாந்து எங்கிட்ட குடுத்துட்டா உனுக்கு மனசு லேசாயிடும். எனுக்கு?"

வண்டிக்காரன் கேட்டுக்கொண்டிருப்பது சுலோசனாவுக்குத் தெரிந்தது. முகம் எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். குடிசைக்குள்ளிருந்து அமாவாசை எட்டிப் பார்த்தான். சிரித்துவிட்டு, உடனே ஞாபகம் வந்தவனாக உதட்டை மூடிக்கொண்டான்.

அவள் நின்றாள். "சரி. என்னா பண்ணணும்னு நீயே சொல்லு."

அஞ்சலாட்சி கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். "அவன் இன்னும் அந்த மூட்டப்பந்து ஆடணும்னுதான் ஒத்தக்கால்ல நிக்குறான், பல்லு போயும் புத்தி வரல. அவன் வயசுப் பசங்களோட ஆடட்டும். வயசு எங்களக் கேளுங்க. பெத்தவளக் கேக்காம மூங்கிலக் கேட்டா?"

அந்தக் கப்பு என்ன ஆனது என்று பிறகு யாரும் கவலைப்படவில்லை. சுலோசனா அதைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு செம்பு வாங்கினாள்.

கட்சி சீட் வேறொருவருக்குப் போனது. அந்த வாரமே பலராமனுக்குப் பேஸ்பால் காய்ச்சல் இறங்கிவிட்டது. பெட்டி கடைக் கிடங்கில் கிழிசல் துணி மூட்டைகளுக்கு அடியில் போனது. அவர் பூச்செடிக் கண்காட்சி ஒன்று நடத்தப்போவதாகப் பேசத் தொடங்கினார். சுலோசனா கிடங்குக்குப் போய், கடை ஆட்களைக் கொண்டு பெட்டியை வண்டியில் ஏற்றி நாராயணசாமி வீட்டில் இறக்கினாள். கணவரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

நாராயணசாமி சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "கமிட்டி?"

"கமிட்டி கெடையாது."

"போன், மதாம். ரொம்ப நல்லது" என்றார் அவர். அன்றுதான் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததாக சுலோசனா பிற்பாடு சொல்வாள்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு தாய்மார்களும் மைதானத்துக்கு வந்தார்கள். வர மறுத்தவர்கள் வீட்டுக்கு சுலோசனாவே போனாள். சிலர் அவளைத் துணிக்கடைக்காரர் பெண்டாட்டி என்று வாசலிலேயே நிறுத்திப் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மைதானத்தில் ஒரே கூச்சல். "எம் பையன் பொறந்தப்ப உம் பொண்ணு தவழ்ந்துக்கினு இருந்தா." "அது மூத்தவ. இது ரெண்டாவது." "பொங்கலுக்கு மொதநாளு பொறந்தவன்டி இவன், நீதான வெந்நி வச்ச." ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி திருத்தினாள். யாராவது வயதைக் குறைக்கப் பார்த்தால் பக்கத்தில் நின்றவளே காட்டிக்கொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகள் மூன்று கும்பலாகப் பிரிந்து நின்றார்கள். மேரிக்காரன்கூட இவ்வளவு கறாராகப் பிரித்திருக்க மாட்டான் என்றார் நாராயணசாமி. சின்னவர்களுக்கு அவர் அந்தக் கல் பந்தைக் கொடுக்கவில்லை. கிழிசல் துணியைச் சுருட்டிச் சணலால் வரிந்து பந்து கட்டிக் கொடுத்தார்.

அமாவாசை சின்னக் கும்பலுக்குப் போனான். விஜயரங்கம் பெரியவர்களோடு நின்றான். அங்கே அவன்தான் குள்ளம், அவன்தான் மட்டமான ஆட்டக்காரன். கட்டையை வீசினால் பந்து படாது. முதல் நாளே மூன்று முறை அவுட்டானான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் ஆட்டம் நடந்தது. கிழிந்த தோல் உறைகளைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தார்கள். உடைந்த கட்டைக்குப் பதில் புளியங்கட்டை வந்தது. பழைய கமிட்டியில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அறுபத்தொன்றில் ஊரில் பெரிய மனிதர்களைக் கௌரவிக்கும் விழா ஒன்று நடந்தது. பலராமனுக்கும் பொன்னாடை உண்டு. அவர் புதுச் சால்வையோடு ஒலிபெருக்கியின் முன் நின்று, "நான் தொடங்கி வைத்த சிறுவர் பேஸ்பால் இன்றைக்கு ஆலமரமாக வளர்ந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்றுக்கொடுக்க விளையாட்டைவிடச் சிறந்த வழி இல்லை" என்று ஆரம்பித்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சுலோசனா எழுந்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் கையைப் பிடித்தாள். "இப்பத்தான பேச ஆரம்பிச்சிருக்காரு. எங்க கெளம்பிட்டீங்க?"

"மைதானத்துக்கு. சின்னப் பசங்க ஆட்டம் நாலு மணிக்கு. இவரு பேசுறத எப்ப வேணாலும் கேக்கலாம், மாத்திப் பேச மாட்டாரு."

முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவில் புகுந்து அவள் வெளியே நடந்தாள். மேடையில் ஒரு சொல் தடுக்கி, மறுபடி சமாளித்துக்கொண்டு பேச்சு தொடர்ந்தது.

மைதானத்துக்குப் போனபோது நடுக்கும்பலின் ஆட்டம் சண்டையில் நின்றிருந்தது. இப்போது நடுக்கும்பலுக்கு ஏறியிருந்த அமாவாசை மூன்றாவது மூட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டு தான் அவுட் இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தான். நாராயணசாமி சுருட்டைக் கடித்துக்கொண்டு, யாராவது பார்த்தவர்கள் உண்டா என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்ற அஞ்சலாட்சி, "பந்து மொதல்ல வந்துச்சிடா. நான் பாத்தேன்" என்றாள். "எறங்கி வெளிய வா."